36 கேள்விகளும் ஒரு கையெழுத்தும்: தீவிர நோயாளியின் துணைக்குப் பிணைப்புக் கேள்வித்தாள் உதவுமா?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் "கீழே" என்றால் கோயம்புத்தூர். நோய் முற்றிய ஒருவர் இருக்கும் வீட்டில் என்றைக்காவது ஒருநாள் அந்தக் கேள்வி வந்தே தீரும்: "கீழே கொண்டுபோறீங்களா, இங்கேயே வெச்சுப் பார்த்துக்கலாமா?" நோயாளியிடம் இதை யாரும் கேட்பதில்லை. வராண்டாவில் நிற்கும் கணவனிடமோ மனைவியிடமோதான் கேட்கிறார்கள். யோசிக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த ஐந்து நிமிடத்தில் வரும் பதிலில் நோயின் நிலை எவ்வளவு இருக்கிறதோ, அதே அளவுக்குப் பதில் சொல்பவர் தன் துணையை எப்படிப் பற்றிக்கொண்டு வாழ்ந்தார் என்பதும் இருக்கும். உளவியலில் இதைப் பிணைப்புப் பாணி என்கிறார்கள். அதை அளக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 36 கேள்விகள் கொண்ட ஈசிஆர்-ஆர் (ECR-R, நெருங்கிய உறவு அனுபவங்கள் பற்றிய கேள்வித்தாளின் திருத்திய வடிவம்) தாளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். காதலர்களின் பொருத்தம் பார்க்க இது எப்படி என்பது நம் கவலை இல்லை. தீவிர நோயாளியின் துணை எடுக்கப்போகும் மருத்துவ முடிவுக்கு இது எவ்வளவு கைகொடுக்கும் என்பது மட்டுமே கேள்வி.

தாள் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாயைப் பிரியும் குழந்தை ஏன் அப்படித் தவிக்கிறது என்று ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அந்தத் தவிப்பின் வேறுபாடுகளைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியவர் மேரி ஐன்ஸ்வர்த். 1987-இல் ஹேசனும் ஷேவரும் அதே கண்ணாடியைப் பெரியவர்களின் தாம்பத்தியத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1998-இல் வந்த கேள்வித்தாளை ஃபிரேலி, வாலர், பிரென்னன் மூவரும் 2000-இல் திருத்தி அமைத்ததுதான் இப்போதைய ஈசிஆர்-ஆர். இரண்டு அளவுகோல்கள்: முதல் 18 கேள்விகள் பதற்றத்தை அளக்கும், அடுத்த 18 விலகலை. ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் ஒப்பவில்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை மதிப்பெண். பதற்றம் என்றால் கைவிடப்படுவோமோ என்ற ஓயாத அச்சம். விலகல் என்றால் ஒருவரைச் சார்ந்திருப்பதிலும் மனதைத் திறந்து காட்டுவதிலும் உள்ள கூச்சம். இரண்டும் குறைவாக இருப்பவரைப் பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர் என்கிறார்கள்.

முதல் தொல்லை கணக்குப் போடுவதில் வருகிறது. 36 கேள்விகளில் 14 தலைகீழானவை, அதாவது எண் கூடக் கூடப் பதற்றமோ விலகலோ குறைவு என்று பொருள். பதற்றப் பகுதியில் 9, 11. விலகல் பகுதியில் 20, 22, 26 முதல் 31 வரை, 33 முதல் 36 வரை. இவற்றில் போட்ட எண்ணை 8-இலிருந்து கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். 6 போட்டிருந்தால் அது 2. பிறகு ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டி 18-ஆல் வகுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். விலகலே இல்லாத ஒரு மனைவி 12 தலைகீழ்க் கேள்விகளுக்கு 7-உம் மற்ற 6 கேள்விகளுக்கு 1-உம் போடுகிறார். சரியாகக் கணக்கிட்டால் அவருடைய விலகல் 1. திருப்பாமல் கூட்டினால் 90-ஐ 18-ஆல் வகுத்து 5 வரும். அதே தவறில், முழுக்க விலகி நிற்கும் கணவருக்கு 7-க்குப் பதில் 3 வரும். ஆக, நெருக்கமானவர் விலகியவராகவும் விலகியவர் நெருக்கமானவராகவும் இடம் மாறிவிடுவார்கள். கைபேசியில் வரும் தளங்கள் தாமாகவே திருப்பிக்கொள்ளும். அச்சடித்து விடைகளைக் கையால் கூட்டுகிற இடத்தில்தான் ஆபத்து. கேள்விகளை வரிசை கலைத்துக் கொடுப்பதும் அவசியம். பதற்றக் கேள்வி பதினெட்டும் அடுத்தடுத்து வந்தால் எதை அளக்கிறார்கள் என்பது பத்தாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். கலைத்த பிறகும் ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் பழைய எண்ணை எழுதி வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எதைத் திருப்புவது என்றே தெரியாது.

இன்னொன்று: இத்தனைக்கு மேல் வந்தால் இந்த வகை என்று பிரிக்கும் எல்லைக்கோடு எதுவும் இந்தத் தாளில் கிடையாது. "உங்க வீட்டுக்காரர் விலகல் டைப்" என்று முத்திரை குத்துவது தாளின் தவறில்லை, பயன்படுத்துபவரின் தவறு.

தமிழாக்கத்தில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. துணையின் அன்பை இழப்பது பற்றிய ஒரு கேள்வி தாளில் உண்டு. "அன்பை" என்ற ஒரே சொல் மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டால், "துணையை இழந்துவிடுவேனோ என்று பயப்படுகிறேன்" என்று ஆகிவிடும். நுரையீரல் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் இருக்கும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இதற்கு 7 போடாமல் என்ன போடுவார்? அது அவருடைய பிணைப்புப் பாணி இல்லை, அவருடைய நிலைமை. சரியாக மொழிபெயர்த்த தாளிலும் இந்தக் கசிவு ஓரளவு இருக்கும். நோய்ச் செய்தி கேட்ட முதல் வாரத்தில் எல்லாருக்கும் பதற்றம் ஏறித்தான் நிற்கும். அதனால் செய்தி சொன்ன நாளிலோ, ஐசியு வாசலிலோ, கீமோ நடக்கும் நாளிலோ இதை நீட்டக் கூடாது. "நோய் வருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் எப்படி இருந்தீர்கள் என்பதை நினைத்துப் பதில் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியை மேலே சேர்ப்பது நல்லது. "ரொமான்டிக் பார்ட்னர்" என்பதைக் "காதல் துணை" என்று எழுதினால் தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் நாற்பது வருடம் குடும்பம் நடத்திய அம்மா சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "உங்க வீட்டுக்காரர்", "உங்க வீட்டம்மா" என்றே எழுதுங்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளில் வீட்டுமொழி படுகு. அங்கே தமிழ்த் தாளைப் படித்துக்காட்ட இரு மொழியும் தெரிந்த, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் வேண்டும். மகளோ மருமகளோ படித்தால் பதில் மாறிவிடும். கணவனும் மனைவியும் தனித்தனியே நிரப்ப வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி தாள் எதற்கு உதவுகிறது என்பதைப் பார்ப்போம். இந்தப் பகுதியில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

பதற்றம் அதிகமாக உள்ள துணை வாயில் முதலில் வரும் சொல் "எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர்". அடுத்தது "அவருக்குச் சொல்லிடாதீங்க". இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன: பிரிவைத் தள்ளிப்போட வேண்டும், பிரிவைப் பற்றிய பேச்சையும் தள்ளிப்போட வேண்டும். விளைவாக, தெளிவாகப் பேசக்கூடிய நோயாளி இருக்கும்போதே அவர் சார்பில் துணை முடிவெடுக்க ஆரம்பித்துவிடுகிறார். சாப்பிட முடியாதவருக்கு டிரிப் ஏற்றச் சொல்வது, விழுங்க முடியாதவருக்கு மூக்கில் குழாய் கேட்பது, வலிக்கு மார்ஃபின் எழுதினால் "அது கடைசி மருந்தாச்சே" என்று ஒளித்து வைப்பது எல்லாம் இதன் நீட்சி. மார்ஃபின் கடைசி மருந்து இல்லை. மருத்துவர் எழுதிய அளவில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கான மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய வலிமருந்து. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு பெரும்பாலும் தெளியும். இந்த முதல் மூன்று நாள் கலக்கத்தைத்தான் பதற்றம் உள்ள துணை "ஆளையே மயக்கிட்டாங்க" என்று எடுத்துக்கொள்கிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த வீடுகளில் நிம்மதியைக் கெடுக்கும் கருவி. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சமவெளியைவிடக் கால்பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கே இங்கே எண் இரண்டு மூன்று புள்ளி இறங்கி நிற்பது இயல்பு. கோவை மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு விரலில் மாட்டிப் பார்த்தால், நோயாளி நிம்மதியாகத் தூங்கும்போதும் ஆம்புலன்ஸ் கூப்பிடத் தோன்றும். மலையில் இருக்கும்போது எந்த எண்ணுக்குக் கீழே போனால் அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருநாளைக்கு எத்தனை முறை பார்ப்பது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இந்தத் துணையிடம் எப்படிப் பேசுவது? "எல்லாத்தையும் பண்ணுங்க" என்றதும் பட்டியல் போட்டு "எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று தள்ளிவிடுவது கொடுமை. பதற்றம் அப்போது உச்சத்துக்குப் போகும். "எல்லாம்னா உங்க மனசுல எதுங்க?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்து, பிறகு மருத்துவக் குழுவே ஒரு பரிந்துரையைச் சொல்ல வேண்டும். கெடு வைத்த முயற்சி இவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்: "மூணு நாள் ஆன்டிபயாடிக், ஆக்சிஜன் கொடுப்போம். மூச்சு எண்ணிக்கை, நினைவு, வாய்வழி உணவு மூணையும் பார்ப்போம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்து பேசுவோம்." எதைப் பார்ப்போம், எப்போது பேசுவோம் என்ற இரண்டும் இல்லாவிட்டால் அது கெடு வைத்த முயற்சி இல்லை, வெறும் ஒத்திப்போடல். சொன்ன நேரத்துக்குப் பேசியே ஆக வேண்டும். ஒருமுறை தவறினாலும் இவர்கள் அதைக் கைவிடப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

விலகல் அதிகமுள்ள துணையைப் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "பாசமே இல்லாத மனுஷன்" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அவர் கட்டிலருகே உட்கார மாட்டார். ஆனால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை விசாரித்து வாங்கியிருப்பார், கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து சிலிண்டரும் வைத்திருப்பார், காப்பீட்டு அட்டை நகலை நாலு பிரதி எடுத்து வைத்திருப்பார். அன்பு அந்த வழியில் ஓடுகிறது. முடிவெடுக்கும் இடத்தில் வரும் சிக்கல் வேறு. "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று படிக்காமலேயே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அல்லது பேச்சு சாவை நோக்கிப் போனதும் போன் வந்ததுபோல எழுந்து வெளியே போவார். வென்டிலேட்டர் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். நோயாளியிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். வேகமான பதிலைத் தெளிவு என்று மருத்துவக் குழு நினைத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பிசகு.

இவரிடம் அழுகையை எதிர்பார்க்காதீர்கள். "மனசுல என்ன தோணுது?" என்று துருவாதீர்கள். பேச்சை இருபது நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டு, செய்தியைத் தாளில் கொடுத்து, படித்துவிட்டு நாளை வரச் சொல்லுங்கள். கூடவே ஒரு வேலையும் கொடுங்கள்: "அவங்ககிட்ட இந்த மூணு கேள்வியைக் கேட்டு, அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதிட்டு வாங்க." வேலை என்று வந்துவிட்டால் செய்வார். கேள்விகள் எளிமையாக இருக்கட்டும்: எது நடந்தால் உனக்குப் பொறுக்காது? எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்? உன்னால் பேச முடியாமல் போனால் யார் சொல்வதைக் கேட்கட்டும்?

அவருடைய ஏற்பாட்டுத் திறமை பயணத்துக்கு மிகவும் உதவும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 86 கிலோமீட்டர். மலைப்பாதையில் மூன்று மணி நேரம் பிடிக்கும், மே மாத சீசனில் இன்னும் கூடும். முழுதாக நிரப்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரம் வரும். 10 லிட்டர் தேவைப்பட்டால் இரண்டரை மணி நேரம்தான். மேட்டுப்பாளையம் தாண்டியதும் தீர்ந்துவிடும். அழுத்தமானி பாதியைக் காட்டினால் நேரமும் பாதி. வலிமருந்தைக் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் கொடுத்துவிட வேண்டும், வளைவுகளில் எலும்பு வலி உள்ளவர்கள் படும் பாடு அப்படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ப் பாதையில் மரமோ மண்ணோ சரிந்தால் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். கான்சன்ட்ரேட்டர் வாங்கும்போது கையேட்டில் எத்தனை மீட்டர் உயரம்வரை வேலை செய்யும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்; ஊட்டியின் உயரம் சில மாடல்களின் வரம்பை ஒட்டியே நிற்கிறது.

பதற்றமும் விலகலும் இரண்டுமே அதிகமாக உள்ளவர்தான் மிகவும் தவிப்பவர். காலையில் "வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்" என்பார், மாலையில் "கீழே பெரிய ஆஸ்பத்திரி" என்பார். இவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. முடிவைத் தனியாகச் சுமக்க விடாமல் இன்னொருவரைக் கூடச் சேர்ப்பதுதான் வழி. சட்டமும் அதற்கு இடம் தருகிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

நோயாளிக்கும் ஒரு பாணி உண்டு என்பதை இந்தத் தாளைப் பயன்படுத்துபவர்கள் மறந்துவிடுகிறார்கள். விலகல் பாணி உள்ள நோயாளி வலி பத்துக்கு எட்டு இருந்தாலும் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பக்கத்தில் பதற்றமான மனைவி இருந்தால், அவர் மறைக்க மறைக்க இவர் துருவுவார், இவர் துருவத் துருவ அவர் மறைப்பார். இப்படிப்பட்ட வீட்டில் வலி மதிப்பெண்ணை மனைவி கேட்காமல், வீட்டுக்கு வரும் செவிலியர் தனியாகக் கேட்பது நல்லது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை (வலியையும் தொல்லைகளையும் தணிக்கும் கவனிப்பு) தருவதும் அடக்கம். அந்த வருகையில் பத்து நிமிடம் நோயாளிக்கு மட்டும் என்று ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது தாளின் எல்லை. இது பதில் சொல்பவரின் மனநிலையைக் காட்டும். நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதை ஒருபோதும் காட்டாது. துணைக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நம்புகிறோம். 2006-இல் வெளியான, 16 ஆய்வுகளைத் தொகுத்த அலசல் ஒன்றில், நோயாளியின் விருப்பத்தை நெருங்கியவர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம்தான். மூன்றில் ஒன்று தப்பு. நோயாளியே தேர்ந்தெடுத்த ஆளாக இருந்தாலும் அந்தக் கணிப்பு மேம்படவில்லை. தப்பும்போது பலர் தமக்கு வேண்டியதையே துணைக்கும் வேண்டியதாகச் சொல்லிவிடுகிறார்கள். பிணைப்புப் பாணி நுழைவது இந்த இடைவெளியில்தான். அதனால், மதிப்பெண்ணைப் பார்த்து "இவர் பாதுகாப்பான பாணி, இவரே முடிவெடுக்கட்டும்" என்று விடுவது ஆபத்து. பாதுகாப்பாகப் பிணைந்தவரும் தப்பாக ஊகிக்கலாம். அவரிடம் உள்ள நல்ல பழக்கம் ஒன்றுதான்: கேட்கத் தயங்க மாட்டார்.

கேட்டதை எழுதி வைக்க வழி இருக்கிறது. 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை, அதாவது தன்னால் பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்பே எழுதி வைப்பதை, ஏற்றது. அப்போது அதில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. குந்தாவிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ படுத்த படுக்கையானவருக்கு அது நடக்கிற காரியமா? 2023 ஜனவரி 24-இல் அதை எளிதாக்கினார்கள். 18 வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள ஒருவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று வாங்கினால் போதும். சாட்சிகள் குடும்பத்தைச் சாராதவர்களாக இருப்பது நல்லது. தன்னால் பேச முடியாதபோது யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். தவிக்கும் துணையோடு தம்பியையோ மூத்த மகளையோ சேர்த்து எழுத இதுதான் இடம். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். நோயாளியால் தானே முடிவு சொல்ல முடிகிறவரை இந்த அறிவுறுத்தலுக்கு வேலையில்லை. அவர் சொல்வதுதான் செல்லும். மருத்துவமனையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் கட்டம் வந்தால், சிகிச்சை மருத்துவரோடு மேலும் இருவர் கொண்ட முதல் குழுவும், பிறகு இரண்டாவது குழுவும் பார்க்கும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

ஆக, 36 கேள்வித்தாளைப் பயன்படுத்தலாமா? ஆதரவு சிகிச்சைக் குழுவில் இருப்பவர்களுக்கு, யாரிடம் எப்படிப் பேசுவது என்று திட்டமிட உதவும் கருவியாக, ஆம். குடும்பங்கள் தாமே நிரப்பிப் பார்க்க, வேண்டாம் என்றே சொல்வோம். அது சண்டைக்குத்தான் எண்ணெய் ஊற்றும். 36 கேள்வி, சோர்ந்துபோன மனிதருக்கு அதிகமும்கூட. 12 கேள்விச் சுருக்கம் ஒன்று இருக்கிறது. அதைவிட மலைக்குப் பொருத்தமாக எங்களுக்குப் படுவது 2011-இல் வந்த 9 கேள்வி வடிவம். அதே ஒன்பது கேள்விகளைத் தாய், தந்தை, துணை, நண்பர் என்று தனித்தனி உறவுகளுக்குக் கேட்கலாம். முடிவெடுக்க மச்சானும் பெரியப்பாவும் கூடிவிடும் வீடுகளில், யாரிடம் மனம் திறக்கிறார், யாரிடம் மூடிக்கொள்கிறார் என்று தெரிவது தாம்பத்திய மதிப்பெண்ணைவிடப் பயன் தரும். பதற்றத்துக்கு மூன்றே கேள்விகள் என்பது இதன் பலவீனம். ஒரு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் சராசரி சாய்ந்துவிடும்.

மதிப்பெண் தாளை நோயாளியின் ஃபைலில் கோக்காதீர்கள். அந்த ஃபைல் கைமாறிக் கைமாறிக் கீழே போகும், நோயாளியின் மனைவியைப் பற்றிய எண்ணை அறிமுகமில்லாத டூட்டி டாக்டர் படிக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸில் ஏறும் ஃபைலில் மேலிருந்து இந்த வரிசையில் இருந்தால் போதும்: நோட்டரி சான்றிட்ட அறிவுறுத்தலின் நகல், இப்போது கொடுக்கும் மருந்துகளும் கடைசி வேளை கொடுத்த நேரமும், மலைக்கான ஆக்சிஜன் எண், முடிவு சொல்ல வேண்டிய இருவரின் போன் எண்கள். அசல் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். பீரோ சாவி எங்கே என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.